பிள்ளையார் வாசலில் நின்ற வான்

வெயிலில் காய்ந்த றெக்சின் இருக்கையும் பெற்றோலும் கலந்த வாசம் பட்டால் எனக்கு அந்தக் காலத்தில் தலைகால் தெரியாது. பத்து வயதில் அந்த வாசத்தை மோந்துவிட்டு, மூன்று பேரிடம் கைமாறிய ஒரு யப்பான் வான் வண்டியை வாங்கியே ஆகவேண்டுமென்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்த மூடன் நான்தான். ஒப்புக்கொள்கிறேன். மிச்சக் குற்றமெல்லாம் அப்பாவுடையது.

இடப்பக்க "சிக்னல்" போட்டால் கண்ணாடித் துடைப்பான் ஆடும். பிரேக்கை மிதித்தால் ஹோர்ன் அடிக்கும். எஞ்சினை ஒருமுறை நிறுத்தினால் மறுபடி "ஸ்ராட்" எடுக்க அரை மணித்தியாலம் பிடிக்கும். கராஜ்காரர் வயர்களைப் பார்த்து, "உது வயரில்லை, இடியப்பம்" என்று கையை எடுத்துவிட்டார். அப்பாவோ, "நீங்கள் கதவை அடிச்சுச் சாத்திறியள், அதுதான்" என்று பாதிப் பழியை எங்களிலும், மீதியை அயலாரின் "நாவூறிலும்" போட்டார். கண்படாதிருக்க முன்னால் தொங்கவிட்ட தேசிக்காயை வெள்ளிதோறும் மாற்றிய மனிதர், ஒரு வயரையாவது மாற்றினாரா? இல்லை!

அக்காவின் பல்கலைக்கழகப் புகுமுக ஏ.எல். சோதனையின் முதல் நாள். சோதனை மண்டபம் நாலைந்து மைல் தள்ளி, எங்கள் பகுதித் திருநெல்வேலியில்; எங்கள் ஊர் சுன்னாகத்துக்குப் பக்கம். வாசலில் பஸ் நின்றும் அப்பா அவளை ஏறவிடவில்லை.

"வீட்டிலை வான் நிக்கேக்கை என்ரை பிள்ளை பஸ்ஸிலை தொங்கிறதோ?"

நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு வான் ஓடத்தான் செய்தது, சந்திப் பிள்ளையார் வரைக்கும். அங்கே கற்பூரம் கொளுத்தாமல் அப்பா எந்த வாகனத்தையும் தாண்ட விட்டதில்லை.

"அப்பா, எஞ்சினை நிப்பாட்டாதேங்கோ!" என்று அக்கா கத்தினாள்.

"பிள்ளையாருக்கு முன்னாலை உறுமிக்கொண்டு நிக்கிறதோடி?" என்றபடி சாவியைத் திருப்பினார்.

கற்பூரம் எரிந்து முடிந்தது. வான் அசையவில்லை. சோதனைக்கு இருபது நிமிடம். அப்பா ஸ்ரேறிங்கில், அம்மாவும் வெள்ளைச் சீருடையோடு அக்காவும் பின்னால், தள்ளு தள்ளென்று தள்ளியும் அது ஒருமுறை இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. அப்போது சந்தையிலிருந்து வெங்காய லொறி ஒன்று வந்தது. அக்கா நடுறோட்டில் கையை விரித்து மறித்தாள்.

"ஏறு பிள்ளை," என்றார் லொறிக்காரர். "மூட்டையளை மட்டும் நசிச்சுப்போடாதை."

மணி அடிக்கும்போது அவள் வெங்காயச் சருகோடு மண்டப வாசலைத் தாண்டினாள். பல்கலைக்கழகத்துக்கும் தெரிவானாள்.

வான் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. இப்போது வண்டி நின்றால் தொலைபேசியை எடுக்கிறார்கள். தள்ளுவதற்கு ஊரைக் கூப்பிடும் குரலும் ஒழிந்தது. ஒழியாதது அப்பாவின் கதைதான். எண்பது வயதிலும், வருகிற விருந்தினரிடமெல்லாம், "வான் இருந்தபடியாத்தான் பிள்ளை நேரத்துக்குப் போனவள்" என்கிறார். இந்த அநியாயத்தைப் பொறுக்காமல் எழுதியதை அக்காவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

"உனக்கென்னடா கோபம்? தள்ளினது நானும் அம்மாவும். நீ உள்ளுக்கை இருந்து 'கெதியாத் தள்ளுங்கோ' எண்டு கத்தினனீ" என்றாள்.