பேனா வாசித்த வேதம்

சபையில் எழுந்து நின்று இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். எனக்கு வயது எழுபத்திரண்டு. உடம்பும் மனதும் களைத்துவிட்டன. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போன வருடம் ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என் மனைவி லில்லி அடுப்படியில் விழுந்தாள். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. ஓசூர் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்தோம். உயிருக்கு ஆபத்தில்லை, பேச்சு திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்தபின் அவள் சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருந்தாள். கஞ்சி கொண்டுபோனால் வாயை இறுக மூடிக்கொள்வாள்.

ஜெபிக்க முழங்கால் போட்டேன். ஒரு வார்த்தைகூட வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும்.

வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் முப்பது வருடம் தரப் பரிசோதகராக இருந்தேன். ஆபரேட்டர்கள் மணிக்கு ஒரு முறை பாகத்தை அளந்து தாளில் எழுத வேண்டும். சிலர் ஷிப்ட் முடியும் நேரத்தில் மொத்தத்தையும் ஒரே மூச்சில் எழுதிவிடுவார்கள். ஜவளகிரியிலிருந்து வரும் முனிராஜை ஒரு நாள் பிடித்தேன்.

“எட்டு மணி நேரத்த எட்டு நிமிஷத்துல அளந்துட்டியாப்பா?”

“பீஸ் நல்லாத்தான் வருது சார். அளந்தாலும் அதே நம்பர்தான?”

எல்லோருக்கும் முன்னால் அவனை அவமானப்படுத்தி, ஒரு வாரம் வேலையில்லாமல் வெளியே நிறுத்த வைத்தேன்.

அதே நான், ஓய்வு பெற்றபின், சபையில் கொடுக்கும் வேத வாசிப்பு அட்டையில் அதையே செய்தேன். நாளுக்கு மூன்று அதிகாரம் வாசித்து, கட்டத்தில் ஒரு டிக் போட வேண்டும். காலை நேரத்தைச் செய்தித்தாளும் செல்போனும் தின்றுவிடும். சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து ஏழு கட்டத்துக்கும் டிக் போடுவேன். பிடிபடாமல் இருக்க இரண்டு பேனா மாற்றிக்கொள்வேன். முனிராஜ் ஒரே பேனாவால் எழுதித்தான் மாட்டினான். இப்படியே நான்கு வருடம். நான்கு புத்தாண்டு ஆராதனையிலும், அட்டையை முழுதாக முடித்தவர் என்று எனக்குத்தான் பரிசு. நீங்கள் கை தட்டினீர்கள்.

லில்லிக்கு மட்டும் தெரியும். ஓசூருக்கு வந்து நாற்பது வருடம் ஆகியும் அவளுடைய திருநெல்வேலிப் பேச்சு மாறவில்லை.

“இன்னைக்கு வாசிச்சீயளா?”

“ஆச்சு, ஆச்சு.”

“பேனா வாசிச்சிருக்கும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

முழங்காலில் நின்ற அன்று அந்தக் குரல்தான் ஞாபகம் வந்தது. “ஆண்டவரே, உம்மையும் ஏமாற்றினேன், அவளையும் ஏமாற்றினேன். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும். என்னைத் திட்டினாலும் போதும்.” அவ்வளவுதான் என் ஜெபம்.

மறுநாள் வேதத்தை எடுத்தேன். உண்மையில் எங்கே நிறுத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. அதனால் முதல் அதிகாரத்திலிருந்து, அவள் கட்டிலருகே உட்கார்ந்து சத்தமாக வாசித்தேன். அவள் திரும்பவில்லை. மூன்றாவது வாரம் முகம் மட்டும் என் பக்கம் வந்தது. பிறகு, வாசித்து முடித்தால் கஞ்சிக்கு வாய் திறந்தாள்.

பரவசமெல்லாம் எதுவும் இல்லை. அவளைப் புரட்டிப் படுக்க வைப்பது, துணி அலசுவது, கைகால் பயிற்சி, கஞ்சி, வாசிப்பு. சில நாள் வாசிக்கிற வரி எனக்கே ஏறாது.

அக்டோபர் கடைசியில் ஒரு காலை. இடுப்பு வலி தாங்கவில்லை. அன்றைய பகுதி முழுக்கப் பெயர்கள், இன்னாருடைய குமாரன் இன்னார் என்று. யார் கவனிக்கப் போகிறார்கள் என்று ஒரு பக்கத்தைத் தாண்டி, கடைசி வசனத்தை வாசித்து வேதத்தை மூடினேன்.

அவள் இடது கை என் முழங்காலில் தட்டியது. உதடு கோணியது.

“விட்... டுட்டீய.”

நான்கு மாதத்தில் முதல் வார்த்தை. கேட்டபடியே, என்னைத் திட்டுகிற வார்த்தை. வேதத்தைத் திறந்து, நான் தாண்டிப்போன பெயர்களையெல்லாம் அழுதுகொண்டே வாசித்தேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். வாயின் ஒரு பக்கம் சிரித்தது.

நான்கு பரிசுகளையும் தூக்கிக்கொண்டு பாஸ்டரிடம் போனேன். “இதத் திருப்பி வாங்கி நான் என்ன பண்றது ஐயா? சபைக்குச் சொல்லுங்க” என்றார். இதோ, இந்த எழுத்தில் சொல்லிவிட்டேன். முனிராஜிடமும் சொல்ல வேண்டும். அவன் இருக்கும் இடம் தெரியவில்லை, விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

லில்லி இன்னும் நடக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வார்த்தைகள் பேசுகிறாள். நான் களைத்துத்தான் இருக்கிறேன். ஆனால் ஜெபிக்க வார்த்தையில்லாதவன் கேட்டதைத் தேவன் கொடுத்தார், அதற்கு நன்றி சொல்லி முடியாது. உங்கள் அட்டையிலும் காலிக் கட்டங்கள் இருந்தால், காலியாகவே அவரிடம் காட்டுங்கள். எங்கே விட்டீர்கள் என்று மறந்துபோயிருந்தால் முதல் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அவர் காத்திருக்கிறார்.

இந்த வருட அட்டையில் டிக் போடுவது லில்லி, இடது கையால். நேற்றைய கட்டம் காலியாக இருக்கிறது. பாதி வாசிப்பில் நான் தூங்கிவிட்டேன்.