ஒரிஜினல் சாமான்

எமரித் தாளை நாலாக மடித்து, குருசுமுத்து ரிவால்வரின் குழலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் விரித்திருந்த விளம்பரத் தாள்களில் மண்ணிறத் தூள் விழுந்துகொண்டிருந்தது. கொஞ்சம் தேய்ப்பார், எழும்பிப் போய் மனைவியின் தலையணையைச் சரிசெய்வார், திரும்பி வந்து தேய்ப்பார். அவருடைய வேலைகள் எல்லாம் இப்போது இப்படித் துண்டு துண்டாகத்தான் நடக்கின்றன.

"சிலோனில துவக்கைக் கண்டு ஓடிவந்த மனுசன்," என்றாள் விக்ரோரியா கட்டிலிலிருந்து என்னைப் பார்த்து, "இஞ்ச வந்து துவக்குக்குச் சோடினை செய்யிறார். பாத்தீங்களே தவமணியக்கா?"

"சும்மா இரும். இது சுடாது."

"சுடாட்டி ஏன் பின்ன மினக்கெடுறியள்?"

பக்கவாதம் அவளுடைய வலக் கையையும் காலையும் எடுத்துக்கொண்டது. நாக்கை விட்டுவைத்தது.

குருசுமுத்துவுக்கு அறுபத்தெட்டு வயது. மன்னாரில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடையில் தொழில் தொடங்கியவர். டென்மார்க்கில் ஹோர்சன்ஸுக்கு வந்து தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தோடு காலத்தைக் கழித்தார். ஓய்வு எடுத்த அடுத்த குளிர்காலமே விக்ரோரியா விழுந்தாள். கொம்யூனிலிருந்து, அதாவது நகரசபையிலிருந்து, காலையும் மாலையும் ஆட்கள் வந்து கழுவித் துடைத்துவிட்டுப் போவார்கள். மிச்ச நேரம் முழுக்க அவர்தான். நான் இவர்களுக்கு நெடுநாள் பழக்கம், வயோதிபர் இல்லங்களில் வேலை செய்து ஓய்ந்தவள். கிரின்ஸ்டெட்டிலிருந்து இடைக்கிடை காரில் வந்து ஒன்றிரண்டு நாள் நின்று போவேன். வந்தால் நோயாளியைவிட அவரைத்தான் கவனித்துப் பார்ப்பேன். பராமரிப்பவர் உட்கார்ந்தபடியே தூங்கத் தொடங்கினால் நிலைமை சரியில்லை என்று அர்த்தம். அவர் கையில் தேநீர்க் கோப்பையோடு தூங்கினார்.

அவரை நிமிர்த்தி வைத்திருந்தது கீழ்மாடியில் இருக்கும் கிர்ஸ்டன். கணவரை இழந்த டேனிஷ்காரி. செவ்வாயும் வெள்ளியும் காலையில் மேலே வந்து விக்ரோரியாவோடு இருப்பார். குருசுமுத்து வெளியே போய் மருந்தும் மரக்கறியும் வாங்கிக்கொண்டு, கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வருவார். கிழமையில் அவர் தனக்கென்று மூச்சு விடுவது அந்த இரண்டு காலைகளில்தான்.

அந்தக் கிர்ஸ்டன்தான் ரிவால்வரைக் கொண்டுவந்து கொடுத்தார். கணவரின் பூட்டன் காலத்தது. பொலிசில் காட்டி, வைத்திருக்கலாம், விற்கலாம் என்று எழுத்தில் வாங்கியிருந்தார். விற்றுப் பல் கட்ட வேண்டும், கொஞ்சம் எண்ணெய் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். இரண்டு பற்கள் போன இடத்தில் மெல்ல முடியாமல் கனகாலம் சிரமப்பட்டவர்.

இப்படி ஒருவர் கேட்டால் எண்ணெயோடு விட குருசுமுத்துவுக்கு மனம் வருமா? உடைந்த ஸ்பிரிங்கை மாற்றினார். தலை தேய்ந்த திருகாணிகளை மாற்றினார். வெடித்த மரக் கைபிடியைக் கழற்றிப் புதியது போட்டு, பழையதன் நிறத்துக்கே சாயமும் பூசினார். எல்லாம் ஜெர்மனியில் பழைய துவக்குகளுக்கென்றே சாமான் செய்யும் ஒரு கடையிலிருந்து தபாலில் எடுப்பித்தவை. பொதியில் 'ஒரிஜினல்' என்று பெரிதாக அச்சடித்திருந்தது. கழற்றியவற்றைத் தெருமுனையில் இருந்த கழிவுத் தொட்டிக்குள் போட்டார். கிர்ஸ்டனிடம் ஒன்றும் விளக்கவில்லை. செய்த வேலையை விரித்துச் சொன்னால் கூலி கேட்பது போலிருக்கும் என்று நினைத்தாராம்.

ஏலக்காரர்கள் பழம்பொருட்களைப் பார்த்து விலை சொல்லும் நாள் ஒரு வியாழக்கிழமை வந்தது. இரண்டு பேரும் ரிவால்வரோடு போனார்கள். நான் விக்ரோரியாவோடு இருந்தேன். திரும்பி வந்த குருசுமுத்துவின் முகம் தெளிந்திருந்தது.

"பன்னிரண்டாயிரம் குரோனருக்குக் கிட்டப் போகுமாம், அக்கா! மினுக்கினதுதான் பிழையாம். எங்கட சனம் மினுக்காட்டி எல்லோ குறை சொல்லும்! பிறகு, சாமான் எல்லாம் ஒரிஜினலோ எண்டு கேட்டான். ஓம், எல்லாம் ஒரிஜினல் எண்டன். கிர்ஸ்டனும் தலையாட்டினா. அப்பிடியே எழுதி, அவவிட்டைக் கையெழுத்தும் வாங்கிப்போட்டான்."

பின்னேரம் மகள் சாருஜா ஹ்விடோவ்ரேயிலிருந்து வீடியோவில் வந்தாள். அவளுக்கும் அதையே சொன்னார்.

"அப்பா, நீங்கள் சாமான் மாத்தினீங்கள் எல்லோ? பிறகென்ன ஒரிஜினல்?"

"போட்டது ஒரிஜினல் சாமான்தானே பிள்ளை. டூப்பிளிகேட் ஒண்டும் இல்லை."

"நை, ஃபார்! இல்லையப்பா! ஒரிஜினல் எண்டா, அதைச் செய்த நாளில இருந்து அதிலேயே இருக்கிற சாமான். நீங்கள் போட்டது புதுசு!"

மன்னார்க் கடையில் ஒரிஜினல் என்றால் கொம்பனிச் சாமான். அதைப் போட்ட மோட்டார் சைக்கிளுக்கு விலை ஏறும். டூப்பிளிகேட் போட்டதற்கு இறங்கும். பழைய துவக்கு வாங்குபவர்களுக்குக் கணக்கு வேறு. தேய்ந்த ஆணிக்கும் வெடித்த பிடிக்கும்தான் அவர்கள் காசு கொடுக்கிறார்கள். எவ்வளவு நல்ல சாமானை மாற்றிப் போட்டாலும் விலை விழும். மாற்றியதைச் சொல்லாமல் விற்றால் அதற்குப் பெயர் ஏமாற்று. கழற்றியவற்றை ஒரு பையில் போட்டுக் கூடவே கொடுத்தால் கொஞ்சம் தப்பலாம் என்று சாருஜா தேடி வாசித்துச் சொன்னாள். தொட்டியை எப்போதோ வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

அழைப்பு முடிந்ததும் அவர் கதிரையில் சரிந்தார்.

"சொல்லாமல் விட்டா, அக்கா?"

"வாங்கிறவன் கழட்டிப் பாப்பான், தம்பி. கையெழுத்து அவவின்ரை."

"நாளைக்கு வெள்ளி. சொன்னாப் பிறகு வருவாவோ?"

"வராட்டி என்னோட இருந்து இன்னொரு துவக்கைத் தேயுங்கோ," என்றாள் விக்ரோரியா. ஒருவரும் சிரிக்கவில்லை. அவளும்தான்.

அடுத்த நாள் காலை, கொம்யூன் பெண் விக்ரோரியாவைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே அவர் கீழே இறங்கினார். என்னையும் கூப்பிட்டார். கிர்ஸ்டன் இரவு உடுப்போடு வந்து கதவைத் திறந்தார். குருசுமுத்து வாசலில் நின்றபடியே ஸ்பிரிங், ஆணிகள், கைபிடி என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"பழைய கைபிடி எங்கே?"

"எறிந்துவிட்டேன்."

"எண்ணெய் போடத்தானே கேட்டேன்."

"விலையில் குறைவதை நான் தருகிறேன்."

"வேண்டாம். என்னிடம் கேட்டிருக்கலாம்."

எங்களை நிற்கவைத்துக்கொண்டே ஏலக்காரருக்கு ஃபோன் எடுத்தார். அவர்கள் விபரத்தை மாற்றி எழுதினார்கள். நாலாயிரம் வந்தால் பெரிது என்றார்களாம். "அப்படியென்றால் ஒரு பல்," என்று சொல்லிவிட்டுக் கிர்ஸ்டன் கதவைச் சாத்தினார்.

மேலே வந்து குருசுமுத்து விக்ரோரியாவுக்கு ஓட்ஸ் கஞ்சி ஊட்டினார். கிர்ஸ்டன் வழக்கமாக வரும் நேரம் தாண்டியது. நான் இருக்கிறேன், நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்றேன். அவர் அசையவில்லை. ஊட்டி முடித்து, வாயைத் துடைத்து, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தார்.

பிறகு கதவு தட்டுப்பட்டது. கிர்ஸ்டன் பின்னல் பையோடு நின்றார். குருசுமுத்துவின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய், கட்டிலோரத்துக் கதிரையில் உட்கார்ந்து ஊசிகளை எடுத்தார். விக்ரோரியா கட்டிலுக்கு வெளியே தொங்கிய போர்வையை இடக் கையால் தன் பக்கம் இழுத்து, கிர்ஸ்டனின் கால்களுக்கு இடம் விட்டாள்.

குருசுமுத்து ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனார்.