நான் அழித்த கடைசிப் பக்கம்

சொல்ல வேண்டியதை, சொல்ல வேண்டியவரிடம், நீங்கள் சொல்லிவிட்டீர்களா? தலையாட்டாதீர்கள். நன்றாக யோசித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

வாடகை நூல்நிலையம் நடத்துவது என்பது, பிறருடைய கண்ணீரை இரண்டு நாள் தவணையில் கொடுத்து வாங்கும் தொழில். செஞ்சிப் பேருந்து நிலையத்துக்கு எதிரே அந்தத் தொழிலைத்தான் செய்துவருகிறேன். கோட்டை பார்க்க வருகிறவர்கள் என் கடையில் நுழைந்து தண்ணீர் பாட்டில் கேட்பார்கள்; மற்றவர்கள் கதை கேட்பார்கள். சென்ற மாதம் அவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே ஒரு புத்தகத்தை: கல்லூரிக் காதலைச் சொல்லும் ஐந்து பாகத் தொடரின் கடைசிப் பாகம். தொடரின் பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும். கதாநாயகி யாழினி, கதாநாயகன் சரண். நான்கு பாகங்களாக அவளிடம் சொல்ல நினைத்ததைச் சரண் சொல்லவில்லை. ஐந்தாவதில் சொல்வானா என்பதுதான் செஞ்சி வட்டாரத்தின் கேள்வி. ஒரு தொடரின் முடிவுக்காக ஓராண்டு காத்திருந்து அவதிப்பட்டவர்கள் இதைப் படிப்பவர்களில் நிச்சயம் இருப்பீர்கள். நாமெல்லாம் ஒரே நோயாளிகள் என்பதால் தயக்கமின்றிச் சொல்கிறேன்.

பின் அடித்த அத்தியாயம்

என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் புத்தகம் வந்தாலும் அதன் கடைசி அத்தியாயத்தைச் சுற்றிலும் ஸ்டேப்ளர் பின் அடித்து மூடிவிடுவேன். இல்லாவிட்டால் வாசகர்கள் அலமாரி ஓரமாக நின்று முடிவை மட்டும் படித்துவிட்டு, "நல்லா இல்ல சார்" என்று வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பயணத்தின் களைப்பை ஏற்காதவனுக்கு ஊர்சேரும் மகிழ்ச்சி உரியதன்று என்பது என் கொள்கை. வீட்டுக்குக் கொண்டுபோய், முறையாகப் படித்து, பிறகு பின்னைப் பிரித்துக்கொள்ளலாம். திரும்பி வந்ததும் நான் மீண்டும் அடிப்பேன்.

கடைசிப் பாகத்தில் ஒரே பிரதிதான் கிடைத்தது. ஆளுக்கு இரண்டு நாள் என்று வகுத்து, பெயர்களை வரிசையாக எழுதிச் சுவரில் ஒட்டினேன். முதல் பெயர், மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் பரிமளா. வழக்கமாக ஆறு பின் அடிக்கும் நான், இந்தப் புத்தகத்தின் மகிமை கருதிப் பதினான்கு பின் அடித்திருந்தேன். புத்தகத்தைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்த பரிமளா நிதானமாகச் சொன்னார்: "ஆபரேசன் தையலைக்கூட நாங்க இவ்ளோ நெருக்கமா போட மாட்டோம் சார்."

வல்லத்திலிருந்து ஒரு தீர்ப்பு

இரண்டாம் பெயர் தேவகி. வல்லத்தில் வேர்க்கடலை பயிரிடுகிறார். கல்லூரியில் படிக்கும் மகளுக்காகத் தொடரை எடுக்கத் தொடங்கி, மகளை முந்திக்கொண்டு படிக்கும் நிலைக்கு வந்தவர். அவர் புத்தகத்தைத் திருப்ப வேண்டிய நாள் அமாவாசை. பேருந்தெல்லாம் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டம். நின்றுகொண்டே வந்து, புத்தகத்தை என் மேசைமேல் வைத்தார். வைத்த ஓசையில் அவருடைய விமர்சனம் எனக்குப் புரிந்துவிட்டது. கடைசி அத்தியாயத்தில் யாழினி வேலைக்காக வெளியூர் புறப்படுகிறாள். சரண் ரயிலடிக்கு ஓடி வருகிறான். வந்து, "பத்திரமா போ" என்று மட்டும் சொல்கிறான். ரயில் போய்விடுகிறது. முற்றும். "அஞ்சு பாகம் படிச்சேன் சார், அந்தப் புள்ள அஞ்சு வார்த்த சேர்த்துப் பேசல" என்றார் தேவகி.

இத்தகைய நல்ல தருணத்தை நான் வீணாக்குவதில்லை. உடனே ஓர் உவமை சொன்னேன். ஓர் உழவர் கடலை விதையை உடைத்துப் பானையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி இருந்தார். முதல் மழை குறைவு என்றார். இரண்டாம் மழை மிகுதி என்றார். மூன்றாம் மழை சரியாகப் பெய்தபோது பானையைத் திறந்தார். உள்ளே விதை இல்லை, வண்டுதான் இருந்தது. மனத்தில் பூட்டிய சொல்லும் அத்தகையதே என்று முடித்தேன். முந்தைய வாரம் கடைவாசல் கரும்பலகையில் எழுதிப் பலரிடம் பாராட்டு வாங்கிய உவமை அது. தேவகி பொறுமையாகக் கேட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டே சொன்னார்: "மழைக்கு முன்ன எவன் சார் கடலைய ஒடைப்பான்? நாங்க காயா மூட்டையிலதான் வெப்போம்."

தங்கைக்காக வாங்கியவர்

மூன்றாம் பெயர் ஏழுமலை. சிங்கவரம் போகும் மினி பஸ்ஸின் ஓட்டுநர். இந்தத் தொடரைத் தங்கைக்காக எடுப்பதாகவே முதல் பாகத்திலிருந்து சொல்லிவருகிறார். அவர் வீட்டில் அவர் ஒரே பிள்ளை என்பது எனக்குத் தெரியும். காதல் கதை படிப்பதை ஒப்புக்கொள்ள இந்த ஊரில் ஆண்களுக்கு இன்னும் துணிவு வரவில்லை. ஆகவே இல்லாத தங்கைகள் பலர் என் கடையில் உறுப்பினர்கள்.

புத்தகத்தை வாங்கும்போது அவர் ஒன்று கேட்டார்: எனக்கு அடுத்து யாருக்குப் போகிறது? சுவரில் எழுதியிருக்கிறதே, சிங்கவரம் வாசந்திக்கு என்றேன். வாசந்தி ஓர் ஆயத்த ஆடைக் கடையில் தையல் வேலை செய்பவர். காலையும் மாலையும் ஏழுமலையின் பஸ்ஸிலேயே வந்து போகிறவர். முன்பு வந்த நான்கு பாகங்களிலும் இவர்கள் இருவர் பெயரும் அடுத்தடுத்தே இருந்தன. அதில் பொருள் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவில்லை. மனித மனத்தைப் பற்றித் தினமும் கரும்பலகையில் எழுதுகிறவன் நான்.

வியாழக்கிழமை காலை ஏழுமலை புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். கண் சிவந்திருந்தது. முடிவு எப்படி என்று கேட்டேன். "தங்கச்சி ரொம்ப அழுதுட்டுது சார்" என்றார்.

ரப்பரின் பெருமை

இங்கே என் இன்னொரு வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வாடகைப் புத்தகத்தின் ஓரங்களில் வாசகர்கள் பென்சிலால் எழுதுவார்கள். ஒருவர் "இவளுக்குத் திமிர்" என்பார். அடுத்து எடுத்தவர் அதன் கீழே "உனக்குத்தான் திமிர்" என்பார். மாதம் ஒருமுறை உட்கார்ந்து எல்லாவற்றையும் ரப்பரால் அழிப்பேன். படிக்காமல் அழிப்பேன். பிறர் எழுத்தைத் திருட்டுத்தனமாகப் படிப்பது ஒழுக்கக்கேடு அல்லவா? இந்தக் கடைசிப் பாகத்துக்கு மட்டும், ஒவ்வொரு வாசகருக்கும் புதுப் புத்தகம் போலத் தர வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், திரும்பி வந்த உடனேயே அழித்துவிடுவது என்று விதி செய்தேன். ஏழுமலை திருப்பிய அன்று கடைசிப் பக்கத்தின் கீழ்ப்பாதி வெற்றிடம் முழுக்கப் பென்சில் எழுத்து. கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, பளிச்சென்று அழித்து, பதினான்கு பின்னையும் அடித்து, மாலையில் வாசந்தியிடம் கொடுத்தேன்.

சனிக்கிழமை அவர் திருப்ப வந்தார். வந்தவர் உடனே போகவில்லை. கடைசிப் பக்கத்தை மீண்டும் ஒருமுறை திறந்து பார்த்தார். இதில் யாரும் எதுவும் எழுதவில்லையா என்று கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, என் கடைப் புத்தகத்தில் ஒரு புள்ளிகூட இருக்காது என்று பெருமையோடு சொன்னேன். அழித்தேன் என்று சொல்லவில்லை. பெருமை பேசுகிறவன் பாதி உண்மையோடு நிறுத்திக்கொள்கிறான், இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை ஓசூருக்குப் போவதாகச் சொன்னார். தொழிற்சாலையில் வேலை, விடுதியில் தங்கல். இனிமேல் புத்தகம் எடுக்க வரமாட்டேன் என்றார். வாழ்த்தினேன். முடிவு பிடித்ததா என்றும் கேட்டேன், கேட்காமல் இருந்திருக்கலாம். புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "அந்த சரணாவது கடைசில 'பத்திரமா போ'ன்னு சொன்னான் சார்."

பத்து நிமிட நிறுத்தம்

திங்கட்கிழமை காலை மினி பஸ் வந்து நின்றது. அது திரும்பப் புறப்படப் பத்து நிமிடம் ஆகும். ஏழுமலை இறங்கி நேரே என் கடைக்கு வந்தார். வாசந்தியையும் அவருடைய அம்மாவையும் இரண்டு பைகளோடு அவர்தான் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். வழியெல்லாம் வாசந்தி கண்ணாடிப் பக்கம்கூடப் பார்க்கவில்லையாம். "புக்கு வந்துட்டுதா சார்? அதுல இன்னாவாவது பதில் எழுதி இருக்குதா?" என்று கேட்டார்.

பதில் என்ற சொல் என் மண்டையில் அடித்தது. நான்கு பாகங்களையும் மாறி மாறி எடுத்து, அவற்றின் ஓரங்களில் இவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மாதக் கடைசி வரை அந்தப் பேச்சு உயிரோடு இருந்திருக்கிறது. பிறகு நான் அழித்திருக்கிறேன். அடுத்த பாகத்தில் மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். கைப்பேசி இல்லையா என்று கேட்பீர்கள். எண்ணைக் கேட்பதற்கும் வாயைத் திறக்கத்தானே வேண்டும்? அந்தப் பஸ்ஸில் முன்னால் உட்காருபவர் வாசந்தியின் பெரியப்பா. பின்னால் நிற்பவர் ஏழுமலையின் சித்தி. ஊரே பயணம் செய்யும் வண்டியில் ஓர் ஓட்டுநர் என்ன பேசுவார்? ஆகவே கடைசிப் பாகத்தின் கடைசிப் பக்கத்தில், வாசந்தி முடிவைப் படித்து முடிக்கும் இடத்தில், எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார். வாசந்தி முகம் கொடுக்காமல் வந்ததால், அதைப் படித்துவிட்டு வேண்டாம் என்று இருக்கிறார் என்றே நினைத்திருக்கிறார்.

நான் அழித்துவிட்டேன் என்றேன். தொழிலில் இவ்வளவு ஆண்டுகளில் இதைவிடக் கடினமான வாக்கியத்தை நான் சொன்னதில்லை. எதிரேதான் நிற்கிறார், ஓடிப்போய் நேரில் சொல்லுங்கள் என்று அவரை அவசரப்படுத்தினேன். அவர் பேருந்து நிலையத்தைப் பார்த்தார், வாசந்தியின் அம்மாவைப் பார்த்தார், கால் நகரவில்லை. அதற்குள் நடத்துநர் விசில் ஊதினார். வண்டி நிறைய ஆட்கள். போகும்போது அவர் கோபமில்லாமல் சொன்ன சொல் இன்னும் என் மேசைமேல் கிடக்கிறது: "ரெண்டு நாளு ஒக்காந்து எழுதினது சார், அரை நிமிசத்துல தொடச்சிட்டீங்க."

வெயிலில் பிடித்த பக்கம்

என் தவற்றுக்கு நான்தான் நடக்க வேண்டும். அடுத்த பெயர்க்காரர் இன்னும் வாங்க வராத அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டுச் சாலையைக் கடந்தேன். திருவண்ணாமலை வழியாகப் பெங்களூரு போகும் பேருந்து உறுமிக்கொண்டு நின்றது. வாசந்தி படியில் கால் வைத்திருந்தார். இந்தப் புத்தகம் உங்களுக்கு முழுமையாகத் தரப்படவில்லை, அதற்கு நூல்நிலையம் வருந்துகிறது என்றேன். பதற்றத்தில் எனக்கு இப்படித்தான் பேச வருகிறது. "ஊருக்குப் போற நேரத்துல இன்னா சார் புஸ்தகம்?" என்றார் அவருடைய அம்மா.

ரப்பர் கரியைத்தான் எடுக்கும், அழுத்தத்தை எடுக்காது. ஏழுமலை ஸ்டியரிங் பிடிக்கும் கையால் பென்சில் பிடித்திருக்கிறார். கடைசிப் பக்கத்தில் இருந்ததை அழித்தவன் நான்தான் என்று சொல்லிப் புத்தகத்தை நீட்டினேன். வாசந்தி அந்தப் பக்கத்தை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தார். வெள்ளைத் தாளில் பள்ளம் பள்ளமாக எழுத்துகள் எழுந்து நின்றன. நான் கோட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் படித்தார், மீண்டும் முதலிலிருந்து படித்தார், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னிடம் பென்சில் கேட்டார். வாசகர்கள் பென்சில் கொண்டுவரக் கூடாது என்று பலகை மாட்டியிருக்கும் நான், என் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பக்கத்திலேயே அம்மா நிற்க, புத்தகத்தைப் பேருந்தின் பக்கவாட்டுத் தகரத்தில் வைத்து எழுதினார். அம்மா எட்டிப் பார்த்தார், பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

புத்தகத்தை மூடி, இதை உரியவரிடம் சேர்க்கிறேன், படிக்க மாட்டேன் என்று உறுதி சொன்னேன். வாசந்தி சன்னலோரம் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டினார். "நீங்க படிங்க சார். படிச்சாத்தான் அழிக்க மாட்டீங்க" என்றார்.

இன்றைக்கே

படித்தேன். இருவர் அனுமதியோடும் இங்கே தருகிறேன்: "வேலைக்குப் போறேன், அதுல மாத்தம் இல்ல. தீவாளிக்கு வருவேன். அதுக்குள்ள வந்து எங்க நைனாகிட்ட கேளு. எழுதாத. வாயால கேளு."

அந்தப் புத்தகம் இனி வாடகைக்கு இல்லை. அன்று மதியமே ஏழுமலையின் கையில் கொடுத்துவிட்டேன். வரிசையில் காத்திருந்தவர்களுக்கு வேறு பிரதி வரவழைத்தேன். மற்றப் புத்தகங்களின் ஓரங்களை இப்போது அழிப்பதில்லை. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: தீபாவளி நெருங்கிவிட்டது, ஏழுமலை இன்னும் வாசந்தியின் அப்பாவிடம் போகவில்லை. பத்து நிமிட நிறுத்தத்தில் தினமும் என் கடைக்கு வந்து, என்னை வாசந்தியின் அப்பாவாக வைத்துப் பேசிப் பார்க்கிறார். நன்றாகவே பேசுகிறார். நான் மூன்று முறை சம்மதமும் கொடுத்துவிட்டேன். நேற்று பரிமளா அதைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னார்: "இவரு ஒத்திகை பாத்து முடிக்கறதுக்குள்ள அந்தப் பொண்ணுக்குப் பேரனே பொறந்துருவான் போலக்குது."

ஆகவே ஏழுமலை, இதைப் படிக்கிறீர்கள் என்றால், இன்று கடைசி நடை முடிந்ததும் சிங்கவரத்தில் இறங்குங்கள். வாசந்தியின் அப்பா வீட்டில்தான் இருப்பார். சரணைத் திட்டித் தீர்த்த மற்ற வாசகர்களே, அவனைத் திட்டும் உரிமையை முதலில் சம்பாதித்துக்கொள்ளுங்கள். அம்மாவிடமோ நண்பரிடமோ, மன்னிப்போ நன்றியோ அன்போ, எதைப் பூட்டி வைத்திருக்கிறீர்களோ அதைத் தாளில் எழுதாமல், நாளைக்கு ஒத்திப்போடாமல், இந்தப் பக்கத்தை மூடியதும் எழுந்துபோய் வாயால் சொல்லிவிடுங்கள். நல்லெண்ணத்தோடு கையில் ரப்பர் வைத்திருக்கும் என்னைப் போன்றவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறோம்.