பால்நிலை படிக்க வந்தவள்

நோர்வேயில் நான் படிக்கும் பல்கலைக்கழகத்தின் கழிப்பறைக் கதவுகளில் ஆண் படமும் இல்லை, பெண் படமும் இல்லை. பூட்டுக்கு மேலே சிறிய பச்சைப் பட்டையில் ‘லேடிக்’ என்று எழுதியிருக்கும். முதல் வாரம் முழுக்க அதை ‘லேடி’ என்றே வாசித்தேன். பெண்களுக்கு இத்தனை கழிப்பறைகளா என்று மனம் குளிர்ந்து போய்வந்தேன். ஒருநாள் உள்ளிருந்து ஆறடி உயரத் தாடிக்காரர் ஒருவர் வெளியே வந்தார். “இது லேடீஸ்” என்றேன், கொஞ்சம் கண்டிப்பாகவே. அவர் பட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஆமாம், லேடிக்தான், போங்கள்” என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தச் சொல்லுக்கு ‘காலி’ என்று பொருளாம். இங்கே கழிப்பறை எல்லோருக்கும் பொது. அடுத்த மணி நேரத்தில், பெண்களும் பால்நிலையும் என்ற என் பாடத்துக்குப் போனால், முன் வரிசையில் அதே தாடிக்காரர் உட்கார்ந்திருக்கிறார்.

கணவருக்கு இங்கே பேருந்து ஓட்டும் வேலை. அவரோடு வந்து மூன்று வருடம் மொழி படித்த பிறகுதான் எனக்கு இடம் கிடைத்தது; அந்தப் பாடப்புத்தகத்தில் கழிப்பறைக் கதவு மட்டும் வரவில்லை. விசித்திரமான படிப்பு. திங்களன்று வரலாறு, செவ்வாயன்று பொருளாதாரம், வியாழனன்று மருத்துவம். ஒரே வகுப்பில் ஒரு தாதி, ஒரு சட்டத்தரணி, மீன் ஆராய்ச்சியை விட்டுவந்த அந்தத் தாடிக்காரர். எந்தப் பாடமானாலும் கேள்வி ஒன்றுதான்: இதில் பெண்கள் எங்கே இருந்தார்கள்? இதை என் அக்கா தங்கமணிக்குச் சொல்லிப் புரியவைக்க நான் பட்டபாட்டைப் புலம்பெயர்ந்தவர்கள் அறிவார்கள். அக்கா இலங்கையில், நமுனுகுல மலைச்சரிவில், நாங்கள் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள்.

“பால்நிலையா? மாட்டுப் பண்ணையிலயா சேத்துட்டாங்க?”

“அந்தப் பால் இல்லக்கா. ஆம்பள, பொம்பளங்கிற பால்.”

“அதப் படிக்கவா அம்புட்டு தூரம் போன?”

அதற்குள் தோட்டத்து வரிசை வீடுகளான லயம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. கடைசி வீட்டு அண்ணன் தன் பசுவின் வீங்கிய மடியைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, என்ன மருந்து போடலாம் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்.

ஒரு பெண்ணின் வேலைநாளை எழுதிவரச் சொன்னார் பேராசிரியர் இங்ரிட். அக்கா எஸ்டேட்டில் இருக்கிறாள் என்றேன். “ஓ, உங்கள் குடும்பத்துக்கு எஸ்டேட் இருக்கிறதா!” என்று அவர் முகம் மலர்ந்தது. எங்களிடம் எஸ்டேட் இல்லை, எஸ்டேட்டிடம்தான் நாங்கள் இருக்கிறோம் என்று விளக்க அரைமணி நேரம் ஆனது. அன்றே வீடியோவில் அழைத்தேன். வேலைநாள், ஆனால் அக்கா படுத்திருந்தாள். முகம் வெளிறியிருந்தது.

“நீர்க்கடுப்புடி. இந்த வருசம் மூணாவது வாட்டி. காச்சலும் வந்துருச்சு. தண்ணி நெறையக் குடிக்கணும்னு டாக்டரம்மா துண்டுச் சீட்டுல எழுதியே குடுத்துட்டாங்க.”

“குடிக்க வேண்டியதுதானே?”

“குடிச்சா எங்க போறது? மலையில என்ன இருக்கு, செடிதான் இருக்கு. சுத்தியும் ஆளு.”

எனக்குச் சட்டென்று அம்மா நினைவுக்கு வந்தாள். மலைக்குப் புறப்படும் முன் தேத்தண்ணியில் பாதியைக் கோப்பையிலேயே விட்டுவிடுவாள். மீதியை நான் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். அம்மாவுக்குத் தேத்தண்ணி அவ்வளவாகப் பிடிக்காது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

அன்றிரவே தோட்ட மேலாளரான துரைக்கு ஒரு மனு எழுதி அக்காவுக்கு அனுப்பினேன். படித்ததை எல்லாம் கொட்டி இரண்டு பக்கம். பால்நிலைச் சமத்துவம், வேலைத்தளச் சுகாதாரம், மனித மாண்பு. அக்கா அதைப் பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டு அழைத்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு பக்கத்துல ஒரு எடத்துலயும் கக்கூஸ்னு இல்லையேடி.”

உண்மைதான். தேடிப் பார்த்தேன், இல்லை.

பிறகு ஒரு வாரம் பேச்சில்லை. காய்ச்சல் கூடிவிட்டதோ என்று பயந்துகொண்டிருந்தபோது அவளே அழைத்தாள், சிரித்துக்கொண்டே. மனு கொடுக்கவே இல்லையாம். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில், மலைக்கு ஒரு கக்கூஸ் வேண்டும் என்று வாயாலேயே கேட்டிருக்கிறார்கள். பார்க்கலாம் என்றாராம் துரை.

“சரிங்க, பாக்குற வரைக்கும் ஆபீஸ் கக்கூஸுக்கு வர்றோம்னு சொன்னோம். பத்து மணிக்கு நாப்பது பேரும் மலைய விட்டு எறங்கினோம். அங்க இருக்கறது ஒண்ணே ஒண்ணு. கடைசி ஆளு திரும்பி ஏறுறப்ப மணி பன்னெண்டு.”

“தொரை ஒண்ணும் சொல்லலயா?”

“கொழுந்த யாரு எடுக்கிறதுன்னு கத்துனாரு. டாக்டரம்மா துண்டக் காட்டினேன். தண்ணி குடிக்கச் சொல்லியிருக்காங்க, குடிச்சிட்டு வந்திருக்கோம்னேன். மறுநாளும் போனோம். மூணாம் நாளு கக்கூஸ் கட்டத் தகரமும் பீப்பாயும் லொறியில வந்து எறங்கிருச்சு!”

பேருந்து நிறுத்தத்தில் நின்று நான் சிரித்த சிரிப்பில், அருகிலிருந்த நோர்வேக்காரர் இரண்டடி தள்ளி நின்றார். பிறகு அழுதேன். அதற்கு அவர் இன்னும் இரண்டடி தள்ளிப்போனார்.

இதையே கட்டுரையாக எழுதிக்கொடுத்தேன். இங்ரிட் பாராட்டியிருந்தார். ஆனால் ‘நாங்கள்’ என்று வந்த இடத்தையெல்லாம் வட்டமிட்டு, ஓரத்தில் ‘யார் இந்த நாங்கள்?’ என்று கேட்டிருந்தார். அக்காவிடம் சொன்னேன்.

“நீ கொழுந்து எடுத்திருக்கியா?”

“இல்ல.”

“ஆபீஸ் வரிசையில நின்னியா?”

“இல்லக்கா.”

“அப்ப டீச்சர் கேக்கத்தானே செய்வாங்க.” உடனே சேர்த்துச் சொன்னாள்: “அதுக்காக ‘அவங்க’ன்னு எழுதிப்புடாத. எங்கள யாரோ மாதிரி ஆக்கிடாத, புள்ள.”

இரண்டு நாள் உட்கார்ந்து திருத்தினேன். மலையைப் பற்றிய இடங்களில் ‘அவர்கள்’, லயத்தைப் பற்றிய இடங்களில் ‘நாங்கள்’. ஒரு வாக்கியம் மட்டும் எந்தப் பக்கமும் வரவில்லை: ‘அவர்கள் மலையை விட்டு இறங்கினார்கள், மூன்றாம் நாள் எங்களுக்குக் கழிப்பறை கிடைத்தது.’ ஒரே வாக்கியத்தில் ‘அவர்கள்’ ‘நாங்கள்’ ஆவது பிழை. அதை அப்படியே விட்டு, கட்டுரையைக் கொடுத்துவிட்டேன்.