கார் கதவைத் திறந்தவர்

அந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் எல்லோருக்கும் அவர் வாத்தியார்தான். ஸ்டியரிங்கைக் கண்டாலே கை உதறியவர்களைக்கூட வேன் ஓட்ட வைத்தவர். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். பிரேக் பிடிக்காமல் போனால் என்ன செய்வது என்ற பாடத்தை நடித்தே காட்டுவார். பதறக்கூடாது, பெடலை விட்டு விட்டு மிதிக்கணும், கியரை ஒவ்வொன்றாக இறக்கணும், ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கணும், வெடுக்கென்று இழுத்தால் வண்டி சுற்றிவிடும். வீட்டில் சாப்பிடும்போதும் கரண்டியை ஹேண்ட் பிரேக்காக்கி இதையே ஓதுவார். மனைவிக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனது. அவள் தனக்கும் ஓட்டச் சொல்லித்தரும்படி கேட்டால் மட்டும், "உனக்குப் பதற்றம் ஜாஸ்தி, சரிப்படாது" என்று தட்டிக்கழித்துவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் திரைக்குத் துணி வாங்கிக்கொண்டு இருவரும் அவர்களுடைய பழைய காரில் திரும்பினார்கள். பெரிய இறக்கம். கீழே நாற்சந்தி, அதையொட்டிப் பேருந்துக்குக் காத்திருக்கும் கூட்டம். வாத்தியார் பிரேக்கை மிதித்தார். பெடல் சேற்றில் கால் வைத்தது போல அடிவரை போய்விட்டது. மறுபடி மிதித்தார். ஒன்றுமில்லை.

ஓதிய பாடம் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. அவருடைய வலது கை கதவைத் திறந்தது. இடது கை சீட் பெல்ட்டின் கொக்கியைத் தேடிப் பிடித்து அமுக்கியது. ஸ்டியரிங்கை யாரும் பிடித்திருக்கவில்லை.

"கியரை இறக்குங்க," என்றாள் மனைவி. அவர் காதில் விழவில்லை. அவள் துணிப் பையைத் தள்ளிவிட்டு ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தாள், மறு கையால் ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினாள். கார் ஓரத்து வேலிச் செடிகளை உரசிக்கொண்டே போய், கூட்டத்துக்கு முன்னால் ஒரு மண்மேட்டில் முட்டி நின்றது. யாருக்கும் கீறல்கூட இல்லை.

பிரேக் குழாய் வெடித்து ஆயில் முழுக்க ஒழுகிவிட்டது, இது யார் தப்பும் இல்லை என்றார் மெக்கானிக். அதுவே அவருக்கு வினையாகப் போயிற்று. பழி போட ஒரு இடம்கூட மிச்சமில்லை. மறுநாள் அவர் பள்ளிக்குள் நுழைந்ததும், செய்தி கேட்டிருந்த எல்லோரும் அவர்தான் வண்டியை நிறுத்தினார் என்று நினைத்துக் கை தட்டினார்கள். வண்டியை நிறுத்தியது தான் இல்லை, தன் மனைவிதான் என்று அவர் உள்ளதைச் சொன்னார். சிரித்தார்கள். வாத்தியாருக்கு எவ்வளவு பெருந்தன்மை என்றார் முதலாளி. அன்று வகுப்பில் அந்தப் பாடத்துக்கு வந்தபோது அவர் நடித்துக் காட்டவில்லை. புத்தகத்தைப் படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றார்.

வீட்டில் மனைவி அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை என்றிருந்தது. அவள் திரைத்துணியை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தபோது அவராகவே கேட்டார்.

"நான் கதவைத் திறந்ததைப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"ஒண்ணும் கேக்கலையே."

"அதான் குதிக்கலையே. கடைசி நேரத்துல மனசு வரல போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

அப்படியே விட்டிருக்கலாம். அவள் தானாகவே ஒரு வழி விட்டிருந்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மனசு இல்ல. பெல்ட்டு கழலல."

தையல் மெஷின் நின்றது. அவள் ஊசியில் அறுந்திருந்த நூலை வெகுநேரம் கோத்துக்கொண்டிருந்தாள். அழுகிறாளோ என்று நிமிர்ந்து பார்க்கக்கூட அவருக்குத் துணிச்சல் இல்லை.

"வண்டி எப்ப வரும்?" என்றாள் கடைசியில்.

"வியாழக்கிழமை."

"வந்ததும் எனக்கு ஓட்டச் சொல்லித்தாங்க. இனிமே உங்க பக்கத்துல சும்மா உக்காந்து வர என்னால முடியாது."

அவர் சரி என்று தலையை ஆட்டினார். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.