பாட்டில்லாத படத்தின் பாட்டுகள்

தையல் மிஷினின் மிதியில் கால் வைத்ததும் டேப்ரிக்கார்டரைத் தட்டிவிடுகிறார் ராமாமணியம்மா. உள்ளிருந்து கிதார் உறுமுகிறது. கம்ப்யூட்டரில் அடித்த டிரம் தடதடக்கிறது. மிதியும் கூடவே ஓடுகிறது. வேகப் பாட்டுக்கு நேர் தையல், மெதுவான பாட்டு வந்தால் கழுத்து வளைவு. அந்த நேரத்தில் அளவு ரவிக்கையோடு போய் நின்றால் நாம் அவர் கண்ணுக்கே தெரிவதில்லை.

அம்மாவின் அக்கா மகன் நவநீத் அமெரிக்கா போகும்போது விட்டுப்போன கேசட் அது. ஏதோ இங்கிலீஷ் படத்தின் பாட்டுகள். ஒவ்வொரு பாட்டையும் ஒவ்வொரு கோஷ்டி பாடியிருந்தது. அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரியாது. "தொண்டை கட்டுனவனாட்டக் கத்தறானுங்க. ஆனா மனசுல இருக்கறதையெல்லாம் கத்திப்போடறான் பாருங்க, அது புடிச்சுப்போச்சுங்க" என்பார். பக்திப் பாட்டு போடச் சொன்ன ஒரு வாடிக்கைக்காரிக்குத் துணியைத் திருப்பிக் கொடுத்த ஆள் இவர்.

போன மாதம் அந்தப் படமே கோயமுத்தூருக்கு வந்தது. அம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. மூன்றாவது பாட்டை மலையுச்சியில் எடுத்திருப்பான், ஏழாவதை மழையில் எடுத்திருப்பான் என்று பீளமேட்டில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. கேசட்டில் உள்ள பாட்டு படத்தில் இருக்கும் என்பதில் நமக்கெல்லாம் என்ன சந்தேகம்? ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, கொக்கி தைக்கும் சுப்பாத்தாளையும் தெருப் பெண்களையும் தன் செலவில் அழைத்துப் போனார். ஒட்டிக்கொண்டு நானும் போனேன்.

படத்தில் கார் எரிந்தது. கதாநாயகன் மழையில் நனைந்தபடி சும்மா நின்றான். பாட்டு மட்டும் வரவே இல்லை. ஒரு காரின் ரேடியோவில் ஏதோ கேட்டது. அம்மா நிமிர்ந்து உட்காருவதற்குள் அவன் அதை அணைத்துவிட்டான். இடைவேளையில் சுப்பாத்தாள், "ஏன் அம்மணி, பாட்டையெல்லாம் வெட்டிப்போட்டானுங்களா?" என்று கேட்க, பெண்கள் சிரித்தார்கள். அம்மா சமோசாவைத் தொடவில்லை. எனக்கே பாவமாக இருந்தது. விடிந்தால் அதே தெருவில் அல்லவா கடை திறக்க வேண்டும்!

படம் முடிந்து, கறுப்புத் திரையில் பெயர்கள் ஏறத் தொடங்கியபோதுதான் அந்த டிரம் கேட்டது. "வந்துருச்சு" என்று எழுந்தார் அம்மா. அதற்குள் ஆபரேட்டர் ஜபருல்லா வழக்கம்போல் படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டுவிட்டார். இங்கே பெயரை உட்கார்ந்து பார்ப்பவர் யார்?

ஆபரேட்டர் அறைக்குப் போகும் மாடிப்படியில் அம்மா ஓடினார், பின்னாலேயே நானும்.

"ஏனுங்க, பந்தியில உக்கார வெச்சுப்போட்டு, பாயசம் வாரப்ப எலைய எடுக்கலாமுங்களா?"

பெயரை ஓட்டச் சொல்லி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை என்று ஜபருல்லா சிரித்தார். பெயர்கள் முடிவதற்குள் இரண்டு பாட்டுதான் தேறும் என்றும் சொன்னார்.

"ரெண்டு போதுமுங்க."

விளக்கு மறுபடி அணைந்தது. நான் இறங்கி வருவதற்குள் அம்மா திரைக்கு முன்னால் இருந்த மேடையில் ஏறி, முந்தானையை இழுத்துச் செருகி, ஆடவே தொடங்கிவிட்டார். வெள்ளை எழுத்துகள் அவர் முகத்தின்மேல் ஏறி ஏறிப் போயின. ஆடிக்கொண்டே, வாசல்வரை போய்விட்ட சுப்பாத்தாளை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினார்.