கலெக்டரம்மாவைத் தூக்கின கை

சின்னப்பொண்ணு சிஸ்டர் போயிட்டாங்க.

காலையில கடை ஷட்டரைத் தூக்கும்போது போன். வாசல்ல மயங்கி விழுந்தவங்க எழுந்திருக்கவே இல்லையாம்... ஷட்டரை இறக்கிட்டு, வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரி கலையரசியை பைக்ல ஏத்திக்கிட்டு சிஸ்டர் ஊருக்குக் கிளம்பிட்டேன். இப்ப கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்துல நிக்கிறோம். மேல ஏறினா டவர் கிடைக்காது. அதான் இங்கயே எழுதிடறேன்.

கள்ளக்குறிச்சியில ஒரு ஆஸ்பத்திரியில பச்சைக்குழந்தை வார்டு நர்ஸ் அவங்க. கல்வராயன் மலைக்காரங்க.

என் பொண்ணு யாழினியை உங்களுக்கெல்லாம் தெரியும். அவ எங்களுக்கு ரெண்டாவது. முன்னாடி ஒருத்தி இருந்தா... ஒன்பது நாள். இங்க நிறைய பேருக்கு அது தெரியாது.

மாசம் நிறைஞ்சு பிறந்தவ. மூணு கிலோ. சுத்தி எல்லாம் கையளவு குறைமாசக் குழந்தைங்க, நடுவுல இவ மட்டும் கொழுகொழுன்னு. "வார்டுக்கே வெயிட்டான ஆளு, எங்க கலெக்டரம்மா"ன்னு கூப்பிடுவாங்க சிஸ்டர். பேர் வைக்கிறதுக்கு முன்னாடியே போயிட்டா. அவளுக்குன்னு இருந்தது அந்தப் பேர் ஒண்ணுதான்.

மூச்சு விடத்தான் முடியல. நுரையீரலுக்குள்ள ஒரு மருந்து ஊத்தினாங்க. அரைநாள் நல்லா ரோஸ் கலர்ல இருப்பா. மறுபடி உதடு நீலம் பாஞ்சிடும்.

டாக்டர் சொன்னது மண்டையில ஏறல. சிஸ்டர்தான் புரியவச்சாங்க. "நனைஞ்ச பாலித்தீன் கவரு உள்ளாற ஒட்டிக்கும்ல தம்பி, பிரிக்கவே வராதுல்ல? நுரையீரலும் அப்டித்தான். ஒட்டாம இருக்க உள்ள ஒரு புரோட்டீன் ஊறணும். குறைமாசத்துக்கு நாள் பத்தாம ஊறியிருக்காது, போகப் போக வந்துரும். இவளுக்கு நாளெல்லாம் ஆயிடுச்சி... அப்பவும் ஊறல. அதான் ஜீன் டெஸ்ட்டுக்கு ரத்தம் கேக்குறாரு டாக்டரு."

நான் கத்தினேன். "போற உசுருகிட்ட போய் ரத்தம் எடுக்கிறியே, நீயெல்லாம் மனுசியா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. நான் கத்தி முடிக்கிற வரைக்கும் நின்னாங்க. அப்புறம் கையெழுத்துப் போடச் சொல்லி பேப்பரையும் பேனாவையும் மறுபடி நீட்டினாங்க.

எட்டாம் நாள் இன்னொண்ணு கேட்டாங்க. "ஒரு போட்டோ எடுத்துக்குங்க தம்பி. நான் புடிச்சிக்கிறேன்."

வேணாம்னுட்டேன். பிறந்த பிள்ளையை போட்டோ எடுத்தா ஆயுசு குறையும்னு எங்க அம்மா சொல்லும். எட்டு நாளும் மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளைக்கு ஆயுசுக் கணக்கு பார்த்தேன் பாருங்க... நான் செல்போன் ரிப்பேர் பண்றவன். சின்னசேலத்துல என் கடை மேஜை பூரா போன்தான் கிடக்கும். ஒண்ணுலகூட என் பொண்ணு இல்ல.

மறுநாள் போயிட்டா.

அப்புறம் வீட்டுல நடந்தது அதைவிடக் கொடுமை. மாசமா இருக்கும்போது கிரகணத்தன்னிக்கு கலையரசி காய்ஞ்ச துணி எடுக்க வெளிய வந்தாளாம், அதான் பிள்ளையை வாங்கிடுச்சாம். ரெண்டு மாசம் அம்மா அதே பேச்சு. நானும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அதை நினைச்சா இன்னிக்கும் என்னையே எனக்குப் பிடிக்காது.

ரிசல்ட் வந்தப்ப அம்மாவையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க சிஸ்டர். கலையரசி என் சொந்த மாமா பொண்ணு, அதாவது அம்மாவோட தம்பி மக. டாக்டர் பேசி முடிச்சதும் சிஸ்டர் அம்மா பக்கத்துல வந்து உக்காந்தாங்க.

"இன்னாம்மா, கிரகணம் கிரகணம்னு சொல்லிக்கினு இருக்கீங்களாம்? அந்தப் புரோட்டீனுக்கான ஜீன்ல பழுதும்மா. அப்பாகிட்ட பாதி, அம்மாகிட்ட பாதி, ரெண்டும் சேர்ந்து புள்ளைக்கு வந்துடுச்சி. நீங்களும் உங்க தம்பியும் ஒரே வூட்டு ரத்தம்தானே... அந்த வழியா வந்தது. யாரு தப்பும் இல்ல. அந்தப் பொண்ண வுட்ருங்க."

வீட்டுக்கு வந்ததும் அம்மா கலையரசிக்குத் தட்டு வச்சு சோறு போட்டுச்சு.

அப்புறம் யாழினி, நாள் நிறையறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே பிறந்தா. அதே வார்டு, அதே மூச்சுத்திணறல், அதே மருந்து. நாலுல ஒண்ணுக்கு மறுபடி வரலாம்னு ஏற்கெனவே சொல்லியிருந்தாங்க. நான் வராண்டாவுல சுவரைப் பார்த்துக்கிட்டு நின்னேன். அரைநாள் தாண்டுச்சு. ஒருநாள் தாண்டுச்சு.

மறுநாள் மதியம் சிஸ்டர் வெளிய வந்தாங்க. "நிக்குது தம்பி... நேத்து குடுத்த மருந்து நிக்குது. இது நாள் பத்தாததுதான்." சொல்லிட்டு அவங்களே அழுதுட்டாங்க. அப்புறம் வந்த டெஸ்ட்டும் அதையே சொல்லுச்சு.

அதுல இருந்து வருஷா வருஷம் பெரியவ பிறந்த நாளுக்கு சிஸ்டரைப் பார்க்கப் போவேன். ஆபரேஷன் ஆன உடம்போட கலையரசி அவளைப் பார்த்ததே ரெண்டு தடவைதான். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். ஒன்பது நாளும் தொட்டது, தூக்கினது சிஸ்டர்தான். டீக்கடையில நின்னுக்கிட்டு, நான் கேட்காமலே வருஷத்துக்கு ஒண்ணு சொல்லுவாங்க.

"கட்டை விரலை உள்ள மடக்கி வச்சிக்கினு தூங்குவா."

"இடது காதுல உங்கள மாதிரியே ஒரு மடிப்பு."

"பஞ்சால உதட்டைத் தொடைச்சா நாக்கை நீட்டுவா... வாலு."

அதை அப்படியே கொண்டுவந்து கலையரசிகிட்ட சொல்லுவேன். எங்ககிட்ட இருக்கிற போட்டோ அதுதான்.

போன தடவை டீ கிளாஸை வச்சுட்டு, "இன்னொண்ணு இருக்கு தம்பி, அடுத்த வாட்டி சொல்றேன், பஸ் வந்துடுச்சி"ன்னு ஓடினாங்க.

அடுத்த மாசம் பெரியவ பிறந்த நாள்.

அன்னிக்குக் கத்தினதுக்கு உங்ககிட்ட ஒரு தடவைகூட மன்னிப்பு கேட்கல சிஸ்டர்...

சின்னசேலத்துல கிளம்பினதுல இருந்து பின்னாடி உக்காந்துக்கிட்டு கலையரசி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுட்டு வர்றா. "அந்த இன்னொண்ணு இன்னா மாமா?"

மேல ஏறப்போறோம். போயிட்டு வாங்க சிஸ்டர்.